முதலில் நிற்கட்டும், அப்புறம் ஓடட்டும்: 60-களின் பெரிய அமெரிக்கக் கார்கள் – கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில் என் வீட்டு கராஜில் ஒரு 1964 செவர்லே இம்பாலா இருக்கிறது. பதினொரு வருடமாக அதைப் பிரிப்பதும் பூட்டுவதும் ஓட்டுவதுமாகக் காலம் போகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் எஞ்சினைப் பற்றியவை. நான் துருவைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். 5.3 மீட்டர் நீளமும் 1,600 கிலோ எடையும் உள்ள வண்டி இது. வாங்குகிறவர்கள் அந்த எடையை மறந்துவிடக் கூடாது.

சான் ஹோசேயிலிருந்து ஒரு நண்பர்: நாளை மறுநாள் ஒரு 64 இம்பாலா ஹார்ட்டாப் பார்க்கப் போகிறேன். பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பெயிண்டைக் கடைசியில் பாருங்கள். முதலில் டிக்கியைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, பின் கண்ணாடியின் கீழ் விளிம்புக்கு அடியில் டார்ச் அடியுங்கள். வெளியே அந்த விளிம்பை ஒரு ஸ்டெயின்லெஸ் பட்டை மூடியிருக்கும். பட்டைக்கு அடியில் தேங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தகட்டைத் தின்றுவிடும். அப்புறம் ஓட்டை வழியாக டிக்கிக்குள் இறங்கி, தரையின் பள்ளங்களில் நின்று அங்கேயும் தின்னும். விற்பவரிடம் கேட்டுவிட்டு, கண்ணாடியின் அடியோரமாக ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பத்து நிமிடம் பொறுங்கள். உள்ளே ஒரு துளி சொட்டினாலும், கண்ணாடியைக் கழற்றி வெல்டிங் செய்யும் வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து ஒரு சிறு காந்தம். மெல்லிய துணியில் சுற்றி, மட்கார்டின் கீழ்ப்பகுதியிலும் கதவுக்கு அடியில் ஓடும் நீளப் பகுதியிலும் இழுத்துக்கொண்டே போங்கள். காந்தம் எங்கே பிடி விடுகிறதோ அங்கே உள்ளே இருப்பது பட்டி. விரல் முட்டியால் தட்டினாலே 'டங்' என்பதற்குப் பதில் 'தொம்' என்று கேட்கும். 1958 முதல் 1964 வரையான இம்பாலாவுக்கு சேசிஸ் எக்ஸ் வடிவம். நடுவில் இடுப்பு ஒடுங்கி இருக்கும், பக்கவாட்டில் சட்டமே கிடையாது. அதனால் கதவுக்கு அடியில் உள்ள அந்தத் தகடு அழகுக்கு வைத்ததல்ல, பாரம் தாங்குகிற உறுப்பு. அது இற்றுப் போயிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

கடைசியாக, பின் ஆக்ஸிலுக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறும் இடம். அறுபது வருடத்துச் சேறு அங்கே உட்கார்ந்திருக்கும். திருப்புளியால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே இறங்கினால், நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

டல்லாஸ்: 63 மாடல் ஒன்றை 'ஒரிஜினல் எஸ்எஸ்' என்று சொல்லி அதிக விலை கேட்கிறார்கள். நம்பலாமா?

கம்பெனி வண்டியில் பொறித்த அடையாள எண்ணை (விஐஎன்) வைத்து நிரூபிக்க முடியாது. 1961-ல் அறிமுகமான எஸ்எஸ், அதாவது சூப்பர் ஸ்போர்ட், 1963 வரை கூடுதல் காசுக்குக் கிடைத்த ஒரு ஆப்ஷன் மட்டும்தான், அந்த எண்ணில் அதற்குத் தனி அடையாளம் கிடையாது. 1964-ல்தான் அது தனி வரிசை ஆனது. அந்த வருடத்து எண் 414 என்று தொடங்கினால் வி8 எஸ்எஸ், 418 என்று தொடங்கினால் சாதாரண வி8 இம்பாலா. 63-க்கு அந்தக் காலத்து ரசீதோ டீலர் காகிதமோ இருந்தால் மட்டும் அந்தக் கூடுதல் விலையைக் கொடுங்கள். பக்கெட் சீட்டையும் எஸ்எஸ் எழுத்துகளையும் யார் வேண்டுமானாலும் வாங்கி மாட்டலாம்.

ஃபீனிக்ஸ்: நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஒரிஜினலாகவே வைத்துக்கொள்ள ஆசை. தவறா?

டிரம்மை வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டரை (மிதியின் அழுத்தத்தை பிரேக் ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்புவது) வைத்துக்கொள்வதுதான் தவறு. செவர்லேக்கு இரட்டை அறை சிலிண்டர் வந்தது 1967 மாடலில். அதற்கு முன் நான்கு சக்கரத்துக்கும் ஒரே அறை, ஒரே பாதை. எங்கே ஒரு இடத்தில் கசிந்தாலும் நான்கும் போச்சு.

நான் வண்டி வாங்கிய முதல் கோடை. எங்கள் தெரு முனையில் ஒரு இறக்கம் உண்டு. பிரேக்கை மிதித்தேன், மிதி தரையைத் தொட்டு அப்படியே கிடந்தது. பின் ஆக்ஸிலுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பவர்கிளைடை (வண்டியின் ஆட்டோமேடிக் கியர்) லோவுக்குத் தள்ளி, பார்க்கிங் பிரேக்கை மிதித்து, ஓரத்துப் புல்மேட்டில் ஏற்றித்தான் நிறுத்தினேன். அந்த ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெட்டிப் பார்த்தபோது உள்சுவர் உரிந்து பொடிப்பொடியாக வந்தது. அன்றிலிருந்து யார் பழைய வண்டி வாங்கினாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: மூன்று ரப்பர் ஹோஸ், எல்லா ஸ்டீல் குழாய், இரட்டை அறை சிலிண்டர். இவற்றை மாற்றாமல் சாலையில் இறக்காதீர்கள்.

முன்பக்கம் டிஸ்க் போட விரும்பினால் தயாராகவே செட் கிடைக்கிறது. இரண்டு விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். பழைய 14 அங்குல வீல் எல்லா டிஸ்க் காலிப்பர் மேலும் உட்காராது, முன்பே அளந்துவிடுங்கள். டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில், குழாயில் ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் சிறு வால்வு இருக்கும். அதே சிலிண்டரை டிஸ்க்குக்குக் கொடுத்தால் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிச் சூடேறும். அப்புறம், பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசி தட்டாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

சாக்ரமெண்டோ: 283 கன அங்குல எஞ்சினை எடுத்துவிட்டு 5.3 லிட்டர் எல்எஸ் (செவர்லேயின் புதிய தலைமுறை வி8) போடலாமா? புகைச் சோதனையில் சிக்கல் வருமா?

கலிஃபோர்னியாவில் 1975-ம் அதற்கு முந்தைய மாடலுமான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை கிடையாது. ஆகவே அந்தக் கவலை வேண்டாம். எல்எஸ் நல்ல எஞ்சின், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எஞ்சினோடு வேலை முடிவதில்லை. உங்கள் கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பெட்ரோல் வந்தால் போதும், எல்எஸ்ஸுக்கு 58 பிஎஸ்ஐ வேண்டும். டேங்க், பம்ப், குழாய் எல்லாம் மாற வேண்டும். எக்ஸ் சேசிஸில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நடுக் குழாய் வழியாக இரண்டு துண்டாகப் போகிறது. கியர் பாக்ஸின் நீளம் மாறினால் முன் துண்டை வெட்டிச் சமன் செய்ய வேண்டும்.

283-க்குப் போட்டிருக்கும் 195 குதிரைத்திறன் என்பது ஃபேன், ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் மேடையில் வைத்து அளந்தது. இன்றைய எஞ்சினின் எண்ணோடு அதை நேராக ஒப்பிட முடியாது. நிஜத்தில் அதைவிடக் குறைவு. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடற்கரைச் சாலையில் போக அது தாராளம். நல்ல 283 கையில் இருந்தால் நான் அதையே பிரித்துச் செய்வேன்.

இதே நண்பர்: அப்படியானால் ஈயமில்லாத பெட்ரோல் அந்த எஞ்சினைக் கெடுக்காதா?

வால்வு சீட் தேயும் என்பது உண்மை. ஆனால் அதிவேகத்திலும் அதிக பாரத்திலும் வெகுநேரம் ஓட்டினால்தான். ஹெட்டை எப்போது லேத்துக்கு அனுப்புகிறீர்களோ அப்போது கடினமான சீட் போடச் சொல்லுங்கள், அதற்காகவே பிரிக்க வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் உடனடிப் பிரச்சினை, அது பழைய ரப்பர் குழாயை இளக்கிவிடும். ஆயிலில் துத்தநாகம் சேர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். புது கேம் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) போட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே இருபது நிமிடம் 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்காமல் ஓட்டுங்கள். ஐட்லிங்கில் விட்டால் அந்த இருபது நிமிடத்திலேயே கேம் தேய்ந்துவிடும்.

லாஸ் ஏஞ்சலஸ்: ஹைட்ராலிக்ஸ் போட்டு லோரைடர் (தரையோடு படிந்து ஓடும் வண்டி) ஆக்க ஆசை. வீட்டில் 'அழகான வண்டியைக் கெடுக்காதே' என்கிறார்கள்.

வீட்டாரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1950-களின் கடைசியில், வீல் ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது. 1959-ல் சான் பெர்னார்டினோவின் ரான் அகீரே தன் கார்வெட்டில் விமான உதிரி ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். போலீஸ் வந்தால் வண்டி எழும், போனால் படியும். மெக்சிகன் அமெரிக்கர்கள் அதிலிருந்து ஒரு கலையையே வளர்த்தார்கள். ஜெஸ்ஸி வலாடெஸ் ரோஜாப்பூக்கள் தீட்டவைத்த 'ஜிப்சி ரோஸ்' ஒரு 1964 இம்பாலா. 2017-ல் அது அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஏறியது, வாஷிங்டனில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள். அந்தப் பழைய தடை 2024 ஜனவரி 1 முதல் இல்லை. இதைக் கெடுப்பது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

செய்வதானால் முறையாகச் செய்யுங்கள். பம்புகளை இயக்கும் பேட்டரிகள் டிக்கியில் ஏறும்போதே எடை கூடிவிடும். வண்டி குதிக்க வேண்டுமென்றால் சேசிஸுக்கு மேல் கனத்த தகடு போர்த்தி வெல்டிங் செய்தாக வேண்டும், இல்லையேல் விரிசல் விடும். பின்பக்கம் உயரத் தூக்கினால், ஆக்ஸிலைக் குறுக்காகப் பிடித்திருக்கும் கம்பி அதை ஒரு பக்கமாக இழுத்து டயரை மட்கார்டில் உரசவைக்கும். அந்தக் கம்பியையும் மாற்ற வேண்டும்.

டொராண்டோ: இம்பாலாவா, ஃபோர்டு கேலக்ஸியா?

கேலக்ஸி விலை குறைவு, 390 எஞ்சினுக்குச் சாமான் கிடைக்கிறது. ஆனால் பாடித் தகடும் அலங்காரப் பட்டையும் தேடித் தேடி அலைய வேண்டும். இம்பாலா 1965-ல் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. தரைத் தகடு முதல் விளக்கு வளையம் வரை புதிதாகவே அடித்து விற்கிறார்கள். முதல் வண்டி என்றால் இம்பாலா.

கோயம்புத்தூர்: தாத்தாவின் பழைய இம்பாலா ஷெட்டில் நிற்கிறது. டீசல் எஞ்சின் மாற்றிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

அந்த டீசலை எடுத்துவிட்டு வி8-ஐத் திரும்பக் கொண்டுவாருங்கள். 2021-ல் வந்த மத்திய விதிப்படி, 50 வருடம் தாண்டிய வண்டியை 'விஏ' வரிசையில் விண்டேஜாகப் பதியலாம். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பதிவுப் புத்தகத்தில் என்ன எஞ்சின் எழுதியிருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

ஆஸ்டினில் படிக்கும் ஒரு தம்பி: முதல் முறை பிரிக்கப் போகிறேன். ஒரே ஒரு யோசனை சொல்லுங்கள், அண்ணா.

ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றும் முன் போட்டோ எடு. கழற்றியதைச் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு, 'இடது முன் கதவு, மேல் கீல், 3 போல்ட், 2 ஷிம்' என்று மார்க்கரால் எழுதிவை. ஷிம்மைக் கட்டாயம் எண்ணு. கதவு சரியாக மூடுவது அந்த மெல்லிய தகடுகளால்தான்.