‘ஒன்றும் வேண்டாம் மேடம், சமாளித்துக்கொள்வோம்’

வணக்கம் சார்,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறுகிறது. எங்களிடம் பார்வையற்றவர்கள் இருவர், சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர். உள்வேலை தொடங்கும் முன் மூவரையும் கூப்பிட்டு என்ன வசதி வேண்டும் என்று கேட்டேன். “ஒன்றும் வேண்டாம் மேடம், சமாளித்துக்கொள்வோம்” என்கிறார்கள். ஆர்க்கிடெக்டோ எல்லாம் விதிப்படி இருக்கிறது என்கிறார். பயன்படுத்துகிறவர்களைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். கேட்டாயிற்று. அப்புறம்?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

எனக்கு இடது காது கேட்காது. வேலையில் இருந்த காலத்தில் மீட்டிங் என்றால் பத்து நிமிடம் முன்பே போய், அந்தக் காது சுவர்ப் பக்கம் இருக்கும்படி ஒரு நாற்காலியைப் பிடித்துவிடுவேன். நேரம் தவறாதவன் என்று நல்ல பெயர் வேறு. யாராவது என்ன வசதி வேண்டும் என்று கேட்டிருந்தால் நானும் ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்பது ஹெச்.ஆர்., பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் வாயைத் திறப்பார்கள்? அதோடு, இன்னும் கட்டாத இடத்தில் எது இடிக்கும் என்று உட்கார்ந்த இடத்தில் எப்படிச் சொல்வது?

ஸ்வீடனில் 1981-ல் தொடங்கிய ஒரு திட்டத்திலும் இதே சிக்கல் வந்தது. பெயர் உட்டோப்பியா (வைத்தவர்களுக்குத் தைரியம்தான்). செய்தித்தாள் அச்சகங்களுக்குள் கணினி நுழைந்துகொண்டிருந்த நேரம். அச்சுத் தொழிலாளர் சங்கமும் ஆய்வாளர்களும் சேர்ந்து, பக்கம் அமைப்பதற்கான கருவியைத் தொழிலாளர்களோடு உருவாக்கப் பார்த்தார்கள். முதலில் வரைபடங்களையும் விளக்கங்களையும் காட்டினார்கள். தொழிலாளர்களுக்கு அதில் பிடி கிடைக்கவில்லை. பிறகு ஒட்டுப்பலகையிலும் அட்டையிலும் பொய்க் கணினி செய்து வைத்தார்கள். ஒரு காலி அட்டைப்பெட்டியின் மேல் ‘லேசர் பிரிண்டர்’ என்று எழுதினார்கள். அதை வைத்து அன்றாட வேலையைச் செய்து பார்க்கச் சொன்னதும் பேச்சு தானாக வந்தது. வேலை தெரிந்த கைகள் அல்லவா.

நீங்களும் அதைச் செய்யலாம். கான்ட்ராக்டர் வருவதற்கு முன் காலித் தளத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிச் சுவர்களைக் குறியுங்கள். பார்வையற்றவர்களுக்கு டேப் உதவாது. சுவர் வரும் இடத்தில் அட்டைப்பெட்டிகளை அடுக்குங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒரு முழு நாளை நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: உள்ளே வருவது, வருகைப்பதிவு, தண்ணீர் பிடிப்பது, கழிப்பறை, அலாரம் அடித்தால் வெளியேறுவது. வேலை நேரத்திலேயே செய்யுங்கள், சனிக்கிழமை வரச் சொல்லாதீர்கள். நீங்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருங்கள்.

ஆர்க்கிடெக்ட் பொய் சொல்லவில்லை. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்று சாய்தளம் சரியாகவே இருக்கும். அது முடிகிற இடத்தில் கதவு நம் பக்கம் திறந்தால், ஒரு கையால் கதவை இழுத்துக்கொண்டே இன்னொரு கையால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். நாற்காலியில் வருகிறவர் அதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். பொத்தானே இல்லாத தொடுதிரை லிஃப்டும் காபி இயந்திரமும் அப்படித்தான். ஆர்டர் கொடுக்கும் முன் பார்வையற்றவர்கள் கைவைத்துப் பார்க்கட்டும். லீவு போடும் செயலியையும் விட்டுவிடாதீர்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளோடு அவர்களே ஒரு லீவு விண்ணப்பத்தைப் போட்டுப் பார்க்கட்டும். என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. அதைத் தொடங்கியவர்களும் பார்வையற்ற இருவர்தான், ஆஸ்திரேலியாவில்.

மூவரையும் ஒன்றாகக் கூப்பிட வேண்டிய இடமும் உண்டு. ரயில் நிலையத்தில் பார்க்கிறோமே, அந்த மஞ்சள் புடைப்பு டைல்ஸ், பார்வையற்றவர்களுக்கு வழி. சக்கர நாற்காலியில் போகிறவருக்கு ஒவ்வொரு புடைப்பும் முதுகில் இடிக்கும். அந்த டைல்ஸ் வரிசை எங்கே ஓட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர்கள் சண்டை போட்டே முடிவு செய்யட்டும். உங்கள் மேலாளர் இதெல்லாம் எதற்கு என்றால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் நிறுவனத்திடமும் சமவாய்ப்புக் கொள்கை கேட்கிறது என்று சொல்லுங்கள்.

கழிப்பறைக்குக் குழாய் பதிக்கும் முன், நாற்காலியோடு உள்ளே போய்த் திரும்பிக் கதவைப் பூட்ட முடிகிறதா என்று மட்டும் இரண்டு தடவை பார்த்துவிடுங்கள்.