தண்ணீருக்கு நாகம் என்று பெயர்

கேள்வி: டீச்சர், போன பள்ளி விடுமுறையில் காஷ்மீர் போய்வந்தோம். அனந்த்நாக், வேரிநாக், கோக்கர்நாக் என்று போன இடமெல்லாம் நாகம்தான். ஒரு பாம்பைக்கூடக் காணோமே?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தண்ணீரைப் பார்த்துவிட்டுப் பாம்பைக் காணோம் என்கிறீர்களே அம்மா! காஷ்மீரியில் 'நாக்' என்றால் ஊற்று, நம் சுனை மாதிரி. புல்லில் ஊர்ந்து போகிற பாம்புக்கு அவர்களிடம் வேறு சொல் உண்டு; அது 'சர்ப்பம்' வழியில் வந்தது.

வேர் என்னவோ சமஸ்கிருத 'நாக'தான். ஊற்றுக்கு ஊற்று ஒரு நாகம் குடியிருந்து காவல் காக்கிறது என்பது அங்கே பழைய நம்பிக்கை. நாகங்களின் அரசன் நீலன். அவன் ஊற்றுதான் நீங்கள் பார்த்த வேரிநாக். 1148-இல் காஷ்மீர் மன்னர்களின் வரலாறான ராஜதரங்கிணியை எழுதத் தொடங்கிய கல்ஹணர் அந்த ஊற்றை நீலனின் குடை என்கிறார். அதிலிருந்து கிளம்பும் விதஸ்தா, அதாவது இன்றைய ஜீலம், குடைக்காம்பாம். மேலே நின்று பார்த்த கண்! 1620-இல் ஜஹாங்கீர் அதற்கு எண்கோணக் கரை கட்டிவிட்டார். குடை போய்க் குளமாகிவிட்டது.

கோக்கர்நாக்கில் 'கோக்கர்' கோழியாம், ஊற்றுகள் கோழிக்கால் விரல் போலப் பிரிவதால். எனக்கென்னவோ அது பெயர் வந்த பிறகு கட்டிய கதை மாதிரி இருக்கிறது.

அதே 'நாக' கப்பலேறி நம் பக்கமும் வந்தது. மலாயில் 'நாகா' டிராகன். பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட்டில் 'புவா நாகா', அதாவது டிராகன் பழம், வாங்கிக்கொண்டிருந்தபோது என் பேரன் கேட்டான்: "பாட்டி, பள்ளியில நாகாவுக்கு நாலு கால் வரையச் சொல்றாங்க. கோயில் நாகத்துக்குக் கால் எங்கே?" பழக்காரர் சிரித்துவிட்டு ஒரு பழம் கூடப் போட்டார். நான்தான் திணறிப்போனேன்.

காவல் இருந்த நாகத்தின் பெயர் காஷ்மீரில் தண்ணீருக்குப் போய்விட்டது. நம் பினாங்கில் நேர்மாறு. அருவி விழுகிற மலைக்குத் தண்ணீர்மலை என்று பெயர் வைத்தோம். அப்புறம் அங்கே இருக்கிற முருகனே தண்ணீர்மலையான் ஆகிவிட்டார்.