ஓய்வுபெற்ற அப்பாவுக்குக் காப்பகத்திலிருந்து நாய்க்குட்டி எடுத்துக் கொடுக்கலாமா?

அப்பா அடுத்த மாதம் ரிடையர் ஆகிறார், பொழுது போக ஒரு நாட்டு நாய்க்குட்டி எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாய் சரி, குட்டிதான் வேண்டாம். வளர்ந்த நாயாகப் பாருங்கள்.

எனக்கு 63 வயது. நம்மூர் நாய் நல்ல கவனிப்பில் 12, 14 வருஷம் இருக்கும். 60 வயதில் குட்டியை எடுத்தால், அதற்கு முட்டி வலி வரும் நேரத்தில் நமக்கும் வந்திருக்கும். தவிர, செருப்புக் கடி, ராத்திரி இரண்டு மணிக்கு மூத்திரம், தடுப்பூசி முடிவதற்குள் பார்வோ (குட்டிகளின் உயிரையே வாங்கிவிடும் வாந்தி, பேதி நோய்) வந்துவிடுமோ என்ற பயம். பிள்ளை வளர்த்து முடித்த கையோடு இது தேவையா?

நான் எடுத்தது மூன்று வயதுச் செவலை நாய். வண்டியில் அடிபட்டுப் பின்னங்கால் லேசாகத் தாங்கும். காது நுனியில் சின்ன வெட்டு இருந்தது. கருத்தடை ஆகிவிட்டது என்பதற்கு அடையாளம் அது. முதல் ஐந்து நாள் மாடிப்படிக்கு அடியிலேயே கிடந்தது. நாங்கள் பார்க்கும்போது சாப்பிடாது, விளக்கை அணைத்த பிறகுதான் தட்டு நகரும் சத்தம் கேட்கும். ஒருநாள் ஒட்டடைக் கம்பை எடுத்தேன். நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து ஒட்டடை அடிக்கிற வேலையே எனக்குக் கிடையாது (மனைவி இதை வேறு மாதிரிச் சொல்வாள்).

இரண்டாவது மாதம் சோறு இறங்கவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது. உண்ணிக் காய்ச்சல். டாக்டர் நாலு வாரத்துக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதினார். அதை வெறும் வயிற்றில் கொடுக்கக்கூடாது. தயிர்சாதத்தில் ஒளித்து வைத்தால் சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் துப்பிவிடும். கடைசியில் அவித்த ஈரலுக்குள் வைத்ததும்தான் வழிக்கு வந்தது. இப்போது தினமும் குளித்த கையோடு விரல் இடுக்கு, காது மடிப்பு எல்லாம் தடவிப் பார்த்து உண்ணி பொறுக்குவேன். பேப்பர் படிக்கிற நேரம் அதற்குப் போய்விட்டது.

அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இருந்தால் ஒன்று கவனியுங்கள். நாட்டு நாய் 15, 20 கிலோ வரும், பூனையைக் கண்டால் ஒரே இழுப்பு. கழுத்துப் பட்டையை விட நெஞ்சோடு மாட்டுகிற பட்டை நல்லது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, விழுந்தால் இடுப்பெலும்பு. வெறிநாய்க்கடி ஊசி வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம். தீபாவளி இரவு கதவைச் சாத்தி, ஃபேனை ஓடவிட்டு, யாராவது கூட உட்கார வேண்டும்.

அப்பாவுக்கு முடியாமல் போனால் நாயை யார் பார்ப்பது என்பதை இப்போதே பேசி வையுங்கள். நான் மச்சினன் மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் வரும்போதெல்லாம் அவனையே சோறு வைக்கச் சொல்வேன். இப்போது அவன் பைக் தெருமுனையில் திரும்பும்போதே எழுந்து போய் கேட்டருகே நிற்கிறது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.