பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊராட்சிப் பணம் எதற்கு?

கேள்வி: கேரளத்தில் இருப்பதுபோல, படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களின் வீட்டுக்கு ஊராட்சி செலவில் நர்ஸ் வரவேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பெற்றோரைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை அல்லவா? ரோடு போடவே காசில்லாத ஊராட்சியின் தலையில் இதையும் கட்டினால், பிள்ளைகள் பொறுப்பைக் கைகழுவிவிட மாட்டார்களா?
- கம்பம் அருகிலிருந்து ஒரு வாசகர்

பதில்: மாட்டார்கள். கைகழுவியவர்களைக் கேட்க 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பராமரிப்புத் தொகை வாங்கலாம். நான் எழுதியது, கைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காக.

பக்கவாதம் வந்த அம்மாவுக்குச் சிறுநீர்க் குழாய் பொருத்தி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். அடைத்துக்கொண்டால் அன்றே மாற்ற வேண்டும். அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்ற இரண்டு ஆள் தேவை. மகனுக்கு அன்றைய கூலி போச்சு, ஆட்டோ வாடகை தனி. குழாய் மாற்றும் வேலையோ கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். கிருமி தொற்றுகிறது, காய்ச்சல் வருகிறது, மறுபடியும் ஆஸ்பத்திரி. படுக்கைப்புண்ணும் அப்படித்தான். இடுப்புக்குக் கீழே தோல் சிவக்கும்போதே விவரம் தெரிந்த ஒருவர் பார்த்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று காட்டிக்கொடுத்தால் அது எலும்புவரை போகாது. இங்கே பிள்ளையின் பாசத்தில் என்ன குறை? பழகிய கை ஒன்று வீடு தேடி வரவில்லை, அதுதான் குறை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் கடமை என்று நாம் சுலபமாக எழுதிவிடுகிறோம். ராத்திரியில் எழுந்து புரட்டிப் படுக்கவைப்பது பெரும்பாலும் மருமகள்.

உங்களுக்குக் குமுளி தூரமில்லை. மலையேறி அந்தப்பக்கம் எந்த ஊராட்சியிலும் விசாரித்துப் பாருங்கள். தீராத நோயாளிகளின் வலியைத் தணிக்கும் வேலையாக 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சிறிய அளவில் தொடங்கியது அது. பிறகு மலப்புரம் பக்கத்தில் ஊர்க்காரர்களே கையிலெடுத்துப் பரப்பினார்கள். 2008-இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. இன்று பயிற்சி பெற்ற நர்ஸின் சம்பளம், வண்டி வாடகை, கட்டுப்போடும் பொருட்கள் எல்லாம் ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தில் வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் மேற்பார்வை பார்க்கிறார். ஆஷா என்ற கிராம சுகாதாரப் பணியாளர் கூடவே போகிறார். அங்கேயும் நர்ஸ் ஒப்பந்த ஊழியர்தான், ஒருவர் பார்க்கவேண்டிய வீடுகளும் அதிகம்தான். ஆனாலும் அந்த நர்ஸ் வரவில்லை என்றால் வார்டு உறுப்பினரைப் பிடித்துக் கேட்கலாம்.

ஊராட்சியில் காசில்லை என்று நீங்கள் சொல்வது உண்மை. கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுக்க முடிவெடுத்தார்கள். நம் ஊராட்சிக்கு வருகிற பணம் தெருவிளக்கு, குடிநீர் மோட்டார், மின்கட்டணம் என்று போய்விடுகிறது. மத்திய நிதிக்குழு மானியத்திலும் கணிசமான பகுதி குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போடப்பட்டது. ஆகவே முதியோர் வீட்டுப் பராமரிப்புக்கென்றே மாநில அரசு தனித் தலைப்பில் பணம் ஒதுக்கி ஊராட்சிக்கு அனுப்ப வேண்டும். சும்மா பொறுப்பை மட்டும் தள்ளிவிடச் சொல்லவில்லை.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கும் செவிலியர் ஒன்றியத்துக்கு ஒருவர். தமிழ்நாட்டில் 388 ஒன்றியங்கள், சுமார் 12,500 ஊராட்சிகள். சராசரியாக ஓர் ஒன்றியத்துக்கு 32 ஊராட்சி. அவர் எத்தனை வீட்டுக் கதவைத்தான் தட்ட முடியும்?

முதியோர் உதவித்தொகை தருகிறோமே என்பார்கள். இங்கே மாதம் 1,200 ரூபாய். அதிலும் 80 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200. படுக்கையில் இருப்பவருக்கு அந்தப் பணம் டயப்பர் வாங்கவே காணாது. 2021-லேயே தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் சுமார் 13.6 சதவீதம் என்று மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு சொன்னது. வேலைக்காகப் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட ஊர்களில் இந்த விகிதம் இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும்.

ஆண்டுக்கு ஆறு கிராமசபை நடக்கிறது. அடுத்ததில் எழுந்து கேளுங்கள்: நம் ஊரில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எத்தனை பேர்? சென்ற மாதம் செவிலியர் எத்தனை வீட்டுக்குப் போனார்? அவருக்கு ஒரு வண்டியை ஊராட்சியே பிடித்துக்கொடுக்கலாமா? பட்டியல் வேண்டுமென்றால் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலரிடம் கேளுங்கள். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, நகலையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.