ஒருமுறை பேசியவரை விழாக் குழுவினர் மறுபடியும் அழைக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்?

தண்டையார்பேட்டையில் ஒரு விழாக் குழுவுக்குப் பேச்சாளர்களை ஏற்பாடு செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நன்றாகப் பேசுவது முதல் அழைப்புக்குப் போதும். மறு அழைப்பு கடிகாரத்தைப் பொறுத்தது.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்து, பொன்னாடைகளும் நீண்டுவிட்டால், வெட்டு விழுவது பேச்சாளரின் நேரத்தில்தான். சென்ற ஆண்டு ஒருவரிடம், "ஐயா, நாற்பது நிமிடம் சொல்லியிருந்தோம், இருபதுதான் இருக்கிறது" என்று தயங்கிச் சொன்னேன். அவர் கையிலிருந்த தாளில் இரண்டு கதைகளைப் பேனாவால் அடித்தார். 9.50க்கு முடித்துவிட்டார். இந்த ஆண்டும் அவரையே அழைத்திருக்கிறோம். வேறொருவர் "கடைசியாக ஒன்று" என்று நான்கு முறை சொன்னார். மைக்செட்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது, முன்கூட்டியே வந்து ஊரை விசாரிப்பது. மீனவர்கள் வாழும் காசிமேட்டில் பேசுகிறவருக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பது தெரிந்திருக்க வேண்டாமா? வருமானம் நின்றிருக்கும் அந்த நாட்களில் சேமிப்பின் பெருமையைப் பேசினால் யார் கேட்பார்கள்?

தொகையை முதலிலேயே பேசிவிடுங்கள், போக்குவரத்துச் செலவு உட்பட.

ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலார், சிறுவயதில் அண்ணனுக்குப் பதிலாகச் சொற்பொழிவாற்றப் போனதாகவும், கேட்டவர்கள் இனி இவரே வரட்டும் என்றதாகவும் சொல்வார்கள். அண்ணனின் நிலைமையைத்தான் நான் அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.