ஏமாந்தேனா, ஏமாற்றினேனா? – சொல் கேள்வி-பதில்

'கடைக்காரர் என்னை ஏமாந்தார்' என்று மகள் எழுதினாள். ஆசிரியர் அடித்துவிட்டார். என்ன தவறு? (ரோஸ் ஹில்)

பாவம், அந்த வாக்கியத்தில் கடைக்காரரே காசை விட்டுவிட்டு நிற்கிறார்! ஏமாறுவது நாம்; ஏமாற்றுவது அடுத்தவர். மாறு–மாற்று, ஏறு–ஏற்று போன்ற ஜோடிதான். ஆனால் 'மாறினேன்' போல 'ஏமாறினேன்' என்பது அரிது, வழக்கில் பெரும்பாலும் 'ஏமாந்தேன்'.

போன சனிக்கிழமை இங்கே மொரீஷியஸில், போர்ட் லூயி சந்தையில் தக்காளி வாங்கினேன். மேலே பளபளவென்று நாலு பழம், அடியில் அழுகல். 'கடைக்காரர் ஏமாற்றினார்' என்றால் குற்றம் அவர் மேல். 'கடைக்காரரிடம் ஏமாந்தேன்' என்றால் பையைக் கிளறிப் பார்க்காத என் மேலும் கொஞ்சம். என் மனைவி சொன்னது இரண்டாவது மாதிரி: "ஏமாந்துட்டு வந்து நிக்கிறீங்க!" 'ஏமாற்றப்பட்டேன்' பிழையில்லை, ஆனால் பிரெஞ்சில் யோசித்துத் தமிழில் எழுதியது போல இருக்கும்.

'ஏமாற்றம்' என்றால் மோசடியா, மனவருத்தமா? (கியூர்ப்பிப்)

நம் ஊர்க்காரருக்கு இது எளிது. பிரெஞ்சு 'தெசெப்ஸியோன்' எதிர்பார்த்தது கிடைக்காத வருத்தம். ஏறக்குறைய அதே எழுத்துகள் ஆங்கிலத்தில் 'டிசெப்ஷன்', அதாவது வஞ்சனை. இன்றைய 'ஏமாற்றம்' பெரும்பாலும் பிரெஞ்சுப் பக்கம். தைப்பூசக் காவடிக்கு மகன் வரவில்லை என்றால் ஏமாற்றம். அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மோசடியைச் சொல்ல 'ஏமாற்று வேலை' இருக்கிறது.

"கொஞ்சம் ஏமாந்தா பால் பொங்கிடும்" என்பார் பாட்டி. பால் எப்படி ஏமாற்றும்? (கத்ர போர்ன்)

ஏமாற்றாது. அசந்தால், கவனம் தப்பினால் என்று பொருள். அதே பாட்டி நிலாவைக் காட்டி, பிள்ளையை 'ஏமாற்றி' ஒரு வாய் சோறு ஊட்டியிருப்பார். அதில் வஞ்சனை ஏது?

கோயிலில் 'நாமார்க்கும் குடியல்லோம்' பாடுகிறோம். அதில் வரும் 'ஏமாப்போம்' என்றால் ஏமாந்து போவோம் என்றா? (போ பாசேன்)

ஐயோ, இல்லை! நேர் எதிர். 'ஏமம்' என்றால் பாதுகாப்பு, இன்பம். கல்வி எழுமைக்கும் 'ஏமாப்பு' என்று குறள் சொல்வதும் பாதுகாப்பு என்ற பொருளில்தான். அப்பர் 'ஏமாப்போம்' என்பது களித்திருப்போம் என்று. வஞ்சனையைத் தேடினால் அதற்குச் சற்று முன்னால் பாருங்கள்: 'நடலை இல்லோம்'. நடலைக்குப் பொய், வஞ்சனை என்றெல்லாம் அகராதியில் பொருள் உண்டு. அதுதான் இல்லை என்று பாடுகிறார். தைரியமாக உரக்கவே பாடுங்கள்.