பள்ளிக்கு வந்த டாக்டர் மருந்து கொடுப்பாரா?

கேள்வி: 1910இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் நடக்கும் சிறுகதை எழுதுகிறேன். பள்ளிக்கு வரும் டாக்டர், ஒன்பது வயதுப் பையனைப் பரிசோதித்து மருந்து கொடுக்கிறார். இது பொருந்துமா?

பதில்: டாக்டர் வரட்டும். மருந்துப் புட்டியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

1907ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1908 ஜனவரியிலிருந்து தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிப்பது உள்ளூர்க் கல்வி அமைப்புகளின் கடமையானது. (தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, உடல்தகுதி இல்லையென்று பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்ததுதான் அரசை உலுக்கியது. குழந்தைகள் மேல் திடீர்ப் பாசம் ஒன்றும் இல்லை.) பரிசோதனைதான் கட்டாயம். வைத்தியம் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். வெளியே தொழில் பார்க்கும் டாக்டர்களின் வருமானத்தில் கை வைக்கவும் தயங்கினார்கள்.

அப்புறம், அந்த ஒன்பது வயது. அப்போது முறையாகப் பார்த்தது பள்ளியில் சேரும் பிள்ளைகளையும் படிப்பை முடிக்கப் போகிறவர்களையும்தான். ஒன்று ஐந்து வயது, இல்லையென்றால் பன்னிரண்டு பதிமூன்று. உங்கள் பையன் நடுவில் மாட்டுகிறான். ஆனால் சோர்ந்து கிடக்கும் பிள்ளையை ஆசிரியரே டாக்டரிடம் காட்டலாம். அப்படி எழுதிவிடுங்கள்.

காட்சி நடப்பது பள்ளியிலேயே, பள்ளி நேரத்தில். பூட்ஸைக் கழற்றி உயரம், எடை பார்ப்பார்கள். பிறகு பல், தொண்டைச் சதை, கண், காது, நெஞ்சு, தலையில் பேன், உடையின் சுத்தம், எல்லாம் சில நிமிடங்களில் முடிந்து அட்டையில் ஏறிவிடும். அம்மாவுக்கும் அழைப்பு உண்டு. அவரை அங்கே நிற்க வையுங்கள், ஏனென்றால் கோளாறு இருப்பதாகச் சொல்லும் தகவல் அவர் கைக்குத்தான் வரும். வைத்தியத்துக்குக் காசு? தர்ம ஆஸ்பத்திரி வரிசைதான். 1911இல் வந்த தேசியக் காப்பீடுகூட உழைக்கும் அப்பாவுக்குத்தான் டாக்டரைத் தந்தது, பிள்ளைக்கு இல்லை.

பேன் விஷயத்தில் மட்டும் சட்டம் கறார். 1908இன் குழந்தைகள் சட்டப்படி, 24 மணி நேரத்தில் பெற்றோர் சுத்தம் செய்யாவிட்டால் அதிகாரிகளே பிள்ளையை அழைத்துப்போய்ச் செய்வார்கள்.

மருந்து இருந்தே தீர வேண்டுமென்றால், கதையை யார்க்ஷயரிலேயே உள்ள பிராட்ஃபோர்ட் நகருக்கோ லண்டனுக்கோ மாற்றுங்கள். பிராட்ஃபோர்டின் கல்வி அமைப்பு 1908இலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ நிலையம் திறந்தது. லண்டனில், ஏழைப் பிள்ளைகளின் நலனுக்காகப் பாடுபட்ட மார்கரெட் மக்மில்லன் 1908இல் போ (Bow) என்ற பகுதியிலும் 1910இல் டெப்ட்ஃபோர்டிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே மருத்துவ நிலையம் திறந்தார். இந்த இடங்களில் புட்டி கொடுக்கலாம்.